எண் பூட்டின் ரகசியத்தை நேரமே சொல்லிக் கொடுத்துவிட்டது: சீட்டில் கையொப்பமிடும் சாவியும் இப்படிக் கசியுமா?

எடைமேடை | சனி, இரவு 9:20

வணக்கம். இரண்டு நாளாக ஒரு விஷயம் மனத்தை அரிக்கிறது, உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் எடைமேடைக்கு நான்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலைகளைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டையும் கழித்துச் சீட்டு அச்சாகும். சிறுதோட்டக்காரர்களுக்கு அந்தச் சீட்டுதான் பணம். யாரும் திருத்தக் கூடாது என்பதால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மின்கையொப்பம் விழுகிறது. எடை அறைக் கதவுக்கு ஆறு இலக்க எண் பூட்டு ஒன்றையும் நானே செய்து மாட்டினேன், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் போர்டை வைத்து.

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். கையில் ஒரு மலிவான லாஜிக் அனலைசர், கம்பியில் சைகை எப்போது மாறுகிறது என்று நேரம் பார்க்கும் கருவி. பூட்டின் உதிரிப் போர்டு வீட்டில் கிடந்தது, எண் மட்டும் அவனுக்குத் தெரியாது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு, எண்களை அனுப்ப வேறொரு போர்டைச் சேர்த்தான். கடைசி இலக்கம் போய்ச் சேர்ந்ததிலிருந்து சிவப்பு விளக்கு எரியும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் அளந்தான்.

என் நிரல் முதல் இலக்கத்தை ஒப்பிடும். தப்பென்றால் அங்கேயே நின்று விளக்கைப் போடும். சரியென்றால்தான் இரண்டாவதைப் பார்க்கும். அதனால் முதல் இலக்கம் சரியாக விழுந்தால் சிவப்பு விளக்கு ஒரு துளி தாமதமாக எரிகிறது. மைக்ரோ விநாடிக்கும் குறைவான தாமதம்தான், ஆனால் சில நூறு தடவை அளந்து சராசரி எடுத்தால் பளிச்சென்று தெரிகிறது. ஓர் இலக்கத்துக்குப் பத்து, ஆறு இலக்கத்துக்கு அறுபது. பத்து லட்சம் எண்களில் தேட வேண்டியதை அறுபதே எண்களில் முடித்துவிட்டான். மாலைத் தேநீருக்கு முன்னால் எண் அவன் கையில்.

பூட்டு போகட்டும், அதை மாற்றிவிடலாம். என் கேள்வி வேறு. சீட்டில் கையொப்பமிடும் சாவி, அதாவது ஒரு நீண்ட ரகசிய எண், வாடகை சர்வரில் இருக்கிறது. அதுவும் இப்படி நேரத்தின் வழியாக வெளியே போகுமா? கணக்கு பலமானது, யாராலும் உடைக்க முடியாது என்று நம்பித்தான் அதை எடுத்தேன்.


லயத்துப்பிள்ளை | சனி, இரவு 9:51

தம்பி, ஈப்போவில் பதினைந்து வருடமாக சர்வர் பார்க்கிறேன். உங்கள் மருமகன் செய்தது நல்ல வேலை. ஆனால் அவன் போர்டைத் திறந்து கம்பி மாட்டினான். உங்கள் சர்வரில் யார் போய்க் கம்பி மாட்டப் போகிறார்கள்? நான் பார்த்த திருட்டெல்லாம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்த கடவுச்சொல்லில் நடந்தது. முதலில் அதைச் சரிபாருங்கள். காப்பு நகல் இருக்கிறதா என்று பாருங்கள். சாவிக் கசிவு ஆய்வுக்கூடத்துக்காரர்களின் கவலை.


மின்னல்கொடி | சனி, இரவு 10:34

பிறந்து வளர்ந்ததெல்லாம் தோட்டத்தில்தான். இப்போது பினாங்கு பாயான் லெப்பாஸில் சில்லுகளுக்கு நிரல் எழுதுகிறேன். இந்த விஷயம் எனக்குத் தினசரிச் சோறு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லயத்துப்பிள்ளை அண்ணன் சொன்ன கடவுச்சொல், காப்பு நகல் இரண்டும் முதலில் செய்ய வேண்டியவைதான். ஆனால் கம்பி மாட்டினால்தான் கசியும் என்பது 2003இலேயே போய்விட்ட நம்பிக்கை. அந்த வருடம் டேவிட் பிரம்லி, டான் போனே என்ற இருவர் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மறைகுறி நூலகம் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஓடும் ஒரு சர்வரை எடுத்தார்கள். தொடக்கூட இல்லை. அதே வளாகத்து வலையமைப்பில் வேறொரு கணினியிலிருந்து கேள்விகளை அனுப்பிக்கொண்டே, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் பார்த்தார்கள். பத்து லட்சத்தை ஒட்டிய கேள்விகள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆர்எஸ்ஏ என்ற மறைகுறி முறையின் 1024 பிட் சாவி வெளியே வந்துவிட்டது.

இதற்கு விதை போட்டவர் பால் கோச்சர். 1996இல் அவர் எழுதிய ஆய்வுரை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ரகசியச் சாவியை வைத்துச் செய்யும் கணக்குக்கு ஆகும் நேரம் அந்தச் சாவியைப் பொறுத்து மாறுமானால், நேரத்தை அளப்பவனுக்குச் சாவி தெரிந்துவிடும். 1999இல் அவரும் இரண்டு கூட்டாளிகளும் நேரத்துக்குப் பதில் மின்சாரத்தை அளந்தார்கள். சில்லு இழுக்கும் மின்னோட்டம் கணக்குக்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. அதைப் பதிவுசெய்து புள்ளியியல் போட்டால் ஸ்மார்ட் கார்டுக்குள் இருக்கும் சாவி வந்துவிடும்.

தம்பி, நீங்கள் நம்பிய கணக்கில் பிழை இல்லை. கணக்கைத் தாளில் போட்டால் நேரமும் இல்லை, சத்தமும் இல்லை. இயந்திரத்தில் போடும்போது நேரம், மின்சாரம், சூடு, நினைவக நடமாட்டம் எல்லாம் கூடவே பிறக்கின்றன. சாவி அந்தப் பக்கவழிகளில்தான் போகிறது.


பழைய கிராணி | ஞாயிறு, காலை 6:15

காலை வணக்கம். கணினி அவ்வளவாகத் தெரியாது. பேரன் படித்துக் காட்டினான். ஆனால் அந்த அம்மா சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம். எந்த வெளிக்காட்டை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வது என்று துரை முடிவெடுப்பார். வெட்டினால் அங்கே பால் மரம் சீவும் குடும்பங்களுக்குச் சீவும் மர வரிசையான நிரை போய்விடும் என்பதால் கடைசி நாள் வரை வாயைத் திறக்க மாட்டார். கடிதம் பூட்டிய பெட்டியில் இருக்கும், எனக்கே காட்ட மாட்டார். ஆனால் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் விடிகாலை நாலரைக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எப்படி? துரையின் ஜீப் மற்ற காடுகளை ஓட்டமாகத் தாண்டிப் போகும், ஒரு காட்டில் மட்டும் அரை மணி நேரம் நிற்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைப் பார்ப்பார், வீட்டில் சொல்வார், அவ்வளவுதான். பெட்டியின் பூட்டை யாரும் தொட்டதில்லை.


எடைமேடை | ஞாயிறு, காலை 7:02

ஐயா, உங்கள் ஜீப் கதையில் எனக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. மிக்க நன்றி.

மின்னல்கொடி அக்கா, ஆர்எஸ்ஏவில் நேரம் ஏன் சாவியைப் பொறுத்து மாறுகிறது? என் பூட்டில் அது ஏன் என்று தெரியும். பெரிய கணக்கில் எங்கே அந்த இடம்?


கணக்குவாத்தியார் | ஞாயிறு, காலை 9:40

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கைதட்டியே காட்டியிருக்கிறேன்.

ஓர் எண்ணின் 13ஆம் அடுக்கு வேண்டும், அதாவது அந்த எண்ணை 13 தடவை எழுதிப் பெருக்கியது. ஒவ்வொன்றாகப் பெருக்க மாட்டோம். 13ஐ இருமத்தில் எழுதினால் 1101. இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். எந்த இலக்கம் வந்தாலும் கையில் இருப்பதை வர்க்கமாக்கு. இலக்கம் 1 என்றால் கூடவே ஒரு பெருக்கலும் செய். 0 என்றால் வர்க்கத்தோடு விட்டுவிடு.

இனி வர்க்கத்துக்கு ஒரு கைதட்டல், பெருக்கலுக்கு மேசையில் ஒரு தட்டு. 1101க்கு என்ன கேட்கும்?

கை, மேசை. கை, மேசை. கை. கை, மேசை.

பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தட்டினேன். மூன்றாவது மேசைத் தட்டல் வராததைக் கேட்டதும் நான்கைந்து பேர் "சார், அங்க சைபர்!" என்றார்கள். சரியாக 1101 என்று எழுதிவிட்டார்கள். ஆர்எஸ்ஏவில் அந்த 13 இருக்கும் இடத்தில்தான் ரகசியச் சாவி இருக்கிறது. நீளம் 2048 இலக்கம், செய்யும் வேலை இதே.


செம்பனைக்குலை | ஞாயிறு, காலை 10:18

சார், அருமை! நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். உங்கள் வகுப்பில் தட்டும் சத்தத்தைப் பிள்ளைகள் கேட்டார்கள். கணினிக்குள் நடப்பதை வெளியே யார் கேட்பது?


மின்னல்கொடி | ஞாயிறு, காலை 11:05

தங்கச்சியோ தம்பியோ, நல்ல கேள்வி. உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள், காதால்.

2013 கடைசியில் டேனியல் கென்கின், அடி ஷமிர், எரான் டிரோமர் மூவரும் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். ஷமிர் என்றால் ஆர்எஸ்ஏ என்ற பெயரின் நடுவெழுத்து அவர்தான். மடிக்கணினி வேலை செய்யும்போது அதன் மின்சுற்றில் உள்ள உறுப்புகள் மெல்லியதாகக் கீச்சிடும். ஜிஎன்யூ பிஜி என்ற மறைகுறி நிரல் ஆர்எஸ்ஏ மறைநீக்கம் செய்யும்போது அந்தக் கீச்சு சாவியைப் பொறுத்து மாறியது. பக்கத்தில் ஒரு கைப்பேசியை வைத்தும் 4096 பிட் சாவியை எடுத்தார்கள், நல்ல மைக் ஒன்றை நாலு மீட்டர் தள்ளி வைத்தும் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள்.

ஆனால் நம் தம்பியின் சர்வருக்கு இது பொருந்தாது. வாடகை சர்வருக்குப் பொருந்துவது அடுத்தது, இடைநினைவகக் கசிவு. கேச் என்போமே, அது.

தோட்டத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பலகையில் இருக்கும் சாமான் கேட்டவுடன் கிடைக்கும். பின்கொட்டகையில் இருப்பதை எடுத்து வர நேரமாகும். ஒருமுறை எடுத்து வந்தால் கடைக்காரர் அதை முன்பலகையிலேயே வைத்துவிடுவார். இப்போது நான் ஒரு வேலை செய்கிறேன். கருவாட்டுப் பொட்டலத்தைப் பின்னால் கொண்டு போய் வைக்கச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பிறகு போய்க் கருவாடு கேட்கிறேன். சட்டென்று கிடைத்தால், நடுவில் யாரோ கருவாடு வாங்கியிருக்கிறார்கள். நேரமானால் யாரும் வாங்கவில்லை. யார் வீட்டுச் சட்டியையும் நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் அந்த லயத்தில் இன்றைக்கு என்ன குழம்பு என்று எனக்குத் தெரியும்.

யுவல் யாரோம், கேட்ரினா ஃபால்க்னர் இருவரும் 2014இல் செய்தது இதுதான். அதன் பெயர் ஃப்ளஷ் ரீலோட். ஒரே இயந்திரத்தில் ஓடும் இரண்டு நிரல்கள் நூலகத்தின் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்கின்றன. வாத்தியார் சொன்ன வர்க்கம், பெருக்கல் இரண்டின் நிரல் வரிகளும் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கேச்சிலிருந்து வெளியே தள்ளு, காத்திரு, மறுபடி படி, நேரத்தைப் பார். வர்க்கம், பெருக்கல், வர்க்கம், வர்க்கம் என்று வரிசை அப்படியே வந்துவிடும். ஒரே ஒரு கையொப்பத்தைக் கவனித்ததில் சாவியின் பிட்டுகளில் சராசரியாக 96.7 விழுக்காடு கிடைத்தது. ஒரே கணினியைப் பங்குபோட்டுப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு நடுவிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

வாடகை சர்வர் என்றால் லயத்து வீடு மாதிரி. நடுச்சுவர் இருக்கும், கூரை ஒன்றுதான்.


லயத்துப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 12:47

மின்னல்கொடி சொன்ன கடை உதாரணம் நன்றாக விளங்கியது. ஒப்புக்கொள்கிறேன், நான் 2003ஐ மறந்துதான் பேசினேன்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் கண்டுபிடித்ததும் நூலகங்களைத் திருத்திவிட்டார்கள்தானே? 2003க்குப் பிறகு ஓப்பன் எஸ்எஸ்எல்லில் பிளைண்டிங் வந்தது. நான் மாதாமாதம் சர்வர்களைப் புதுப்பிக்கிறேன். என்னைப் போல் ஒழுங்காகப் புதுப்பிக்கிறவனுக்கு இன்னும் என்ன பயம்?


மின்னல்கொடி | ஞாயிறு, மாலை 4:30

பிளைண்டிங் என்றால் என்ன என்று மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் எண்ணோடு முதலில் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்துவிட்டு, கணக்கைப் போட்டு, கடைசியில் அதைப் பிரித்தெடுப்பது. வெளியே இருப்பவன் தான் அனுப்பிய எண்ணையும் நேரத்தையும் பொருத்திப் பார்க்க முடியாது. இதைக் கோச்சரே 1996இல் சொல்லியிருந்தார். எல்லா இடத்திலும் அதை இயல்பாகவே போட்டு வைக்க 2003 வரை ஆனது. ஏழு வருடம்! தெரிந்த மருந்தை ஏழு வருடம் அலமாரியில் வைத்திருந்தோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அண்ணே, புதுப்பிப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் திருத்தம் ஒரு தடவையோடு முடிவதில்லை. மூன்று இடங்களைச் சொல்கிறேன், நானே வேலையில் இடறி விழுந்த இடங்களும் இதில் உண்டு.

ஒன்று, சில்லின் கட்டளை. கிளையே இல்லாமல், அதாவது "இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது" என்று எங்கும் பிரியாமல், நேர்கோடாக எழுதிய நிரலில்கூட ஒரு வகுத்தல் இருந்தால் போச்சு. பல சில்லுகளில் வகுத்தலுக்கு ஆகும் நேரம் வகுபடும் எண்ணைப் பொறுத்தது. குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வந்த கைபர் முறையின் நிரல்களிலேயே 2023 கடைசியில் இது பிடிபட்டது. கைபர் ஸ்லாஷ் என்று பெயர் வைத்தார்கள். 3329 என்ற எண்ணால் ரகசியத்தை வகுக்கும் வரிகள்தான் காரணம். ராஸ்பெர்ரி பை 2 என்ற சிறு கணினியில் சாவியை எடுத்தே காட்டினார்கள்.

இரண்டு, கம்பைலர், நாம் எழுதிய நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் மென்பொருள். அதே கைபரின் மாதிரி நிரலில், ஒரு பிட்டைப் பார்த்து இரண்டு மதிப்பில் ஒன்றைக் கிளை இல்லாமல் தேர்ந்தெடுக்கும் வரி இருந்தது. எழுதியவர் கவனமாகத்தான் எழுதினார். கிளாங் கம்பைலரின் சில பதிப்புகள், சில அமைப்புகளில், "ஓ, இது ஒரு பிட் தேர்வுதானே" என்று புரிந்துகொண்டு அதைக் கிளையாக மாற்றிவிட்டன. 2024இல் இது வெளியே வந்தது. மூல நிரலைப் பத்து தடவை படித்தாலும் பிழை தெரியாது. கம்பைலர் துப்பிய அசெம்பிளியை, அதாவது சில்லுக்கான கட்டளை வரிகளைத்தான், படிக்க வேண்டும். நான் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதைத்தான் செய்கிறேன், கண் எரியும் வரைக்கும்.

மூன்றாவது, சான்றிதழை நம்புவது. இதற்குத்தான் எனக்கு அதிக வருத்தம். 2024இல் யூக்லீக் என்ற தாக்குதல் வந்தது. ஒரு பெரிய சில்லு நிறுவனத்தின் மறைகுறி நூலகம், கணினியில் செருகும் யூபிகீ 5 போன்ற பாதுகாப்புச் சாவிகளுக்குள் இருப்பது. கையொப்பக் கணக்கின் நடுவில் ஒரு தலைகீழ் எண் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு யூக்ளிடின் பழைய முறையை வைத்திருந்தார்கள். அது சுற்றும் தடவைகள் உள்ளே போகும் எண்ணைப் பொறுத்தவை. உறையைத் திறந்து, சில்லிலிருந்து வரும் மின்காந்த அலையை அளந்தால் சாவி கிடைத்துவிடும். பொருள் கையில் இருக்க வேண்டும், கருவி விலை அதிகம், அது உண்மை. ஆனால் இந்த ஓட்டை 14 வருடம் அங்கேயே இருந்தது. ஏறத்தாழ 80 உயர்மட்டச் சான்றிதழ்ச் சோதனைகளைத் தாண்டி வந்தது. யூபிகீயில் 5.7க்கு முந்தைய பதிப்பை வாங்கியவர்கள் உள் நிரலைப் புதுப்பிக்கவும் முடியாது.


பழைய கிராணி | ஞாயிறு, மாலை 5:10

அம்மா, மைக் வைத்துக் கேட்டார்கள் என்றதும் பேரன் நம்பவில்லை. நான் நம்பினேன். எங்கள் ஆலையில் எடை போடும் ஆள் ஒருவர் இருந்தார். லோரி மேட்டில் ஏறும் சத்தத்தை வைத்தே இத்தனை டன் என்பார், எடைமேடை முள் அதையொட்டித்தான் நிற்கும். இயந்திரம் சுமையை மறைக்காது.


கணக்குவாத்தியார் | ஞாயிறு, இரவு 8:22

ஒரு சின்ன விஷயம். இதைப் பக்கவாட்டு வழி, பக்கத் தடம், பக்க வாய்க்கால் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறோம். எனக்குப் பக்கவழிக் கசிவு பிடித்திருக்கிறது. வாய்க்கால் என்றால் யாரோ வேண்டுமென்றே வெட்டி வைத்தது போல் இருக்கிறது. இது ஓட்டுக் கூரையில் ஒழுகுவது மாதிரி, யாரும் வெட்டியதில்லை. பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் உடனே பிடிபடுகிறது.


எடைமேடை | திங்கள், இரவு 10:10

பக்கவழிக் கசிவு, நானும் இனி அப்படியே எழுதுகிறேன் சார்.

இன்று வேலை முடிந்து வந்து என் நிரலைத் திறந்து பார்த்தேன். அக்கா சொன்னதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு படித்ததில் இரண்டு இடம் கிடைத்தது.

முதலாவது, ஆலை அலுவலகத்தில் சீட்டைச் சரிபார்க்கும் நிரல். கூட்டுறவுச் சங்கத்துக் கணினியோடு பேசும்போது ஒரு சரிபார்ப்புக் குறியை ஒப்பிடுகிறேன். பைத்தான் மொழியில் சாதாரண இரட்டைச் சமக்குறிதான் போட்டிருக்கிறேன். என் பூட்டில் செய்த அதே தப்பு.

இரண்டாவது கையொப்பம். நிறுவச் சுலபம் என்று முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய ஒரு தொகுப்பை எடுத்திருந்தேன், ஈசிடிஎஸ்ஏ முறை. அதன் அறிமுகப் பக்கத்தை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். பக்கவழித் தாக்குதல்களுக்கு இதில் பாதுகாப்பு இல்லை, உண்மையான பயன்பாட்டுக்கு எடுக்காதீர்கள் என்று எழுதியவர்களே போட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, படிக்காமல் விட்டது நான்.

பூட்டு நிரலையும் திருத்தி எழுதினேன். ஒரு கொடி, தொடக்கத்தில் "சரி". ஒவ்வொரு இலக்கத்துக்கும், கொடி சரியாக இருந்து, இலக்கமும் பொருந்தினால் கொடி சரி. ஆறு இலக்கமும் முடிந்த பிறகுதான் விளக்கு. நடுவில் எங்கேயும் நிற்காது. மருமகன் அளந்தான். சரியான இலக்கத்துக்கு நேரம் படிபடியாக ஏறும் அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கிறது, உயரம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏன்?


மின்னல்கொடி | திங்கள், இரவு 11:25

"கொடி சரியாக இருந்து, இலக்கமும் பொருந்தினால்" என்றீர்களே, அதை இரட்டை உம்மைக்குறி போட்டு எழுதியிருப்பீர்கள். சி மொழியில் இடப்பக்கம் பொய் என்றானதும் வலப்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. சுற்று ஆறு தடவையும் நடக்கிறது, ஆனால் முதல் தப்புக்குப் பிறகு ஒப்பிடும் வேலை நடப்பதில்லை. அந்த ஒப்பீட்டுக்கு ஆகும் துளி நேரம்தான் மிச்சப் படிக்கட்டு.

இப்படி எழுதுங்கள். வேறுபாடு என்று ஒரு எண், தொடக்கத்தில் 0. ஒவ்வொரு இலக்கத்தையும் சரியானதோடு எக்ஸ்ஆர் செய்து, வந்ததை ஆர் குறியால் வேறுபாட்டோடு சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரே இலக்கம் என்றால் எக்ஸ்ஆர் 0 தரும், மாறினால் வேறு ஏதாவது தரும். கடைசியில் வேறுபாடு 0தானா என்று ஒரே ஒரு கேள்வி. கிளையே இல்லை. அதோடு ஐந்து தப்புக்கு மேல் போனால் பூட்டு சில நிமிடம் உறங்கட்டும். சில நூறு தடவை அளக்க முடிந்ததால்தானே உங்கள் மருமகனுக்கு எண் கிடைத்தது?

பைத்தான் ஒப்பீட்டுக்கு எச்மேக் தொகுப்பில் கம்பேர் டைஜெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, 3.3 பதிப்பிலிருந்து. பிஎச்பியில் ஹேஷ் ஈக்குவல்ஸ், 5.6 முதல். சொந்தமாக எழுத வேண்டாம்.

கையொப்பம்தான் அவசரம். ஈசிடிஎஸ்ஏவில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு ரகசியத் தற்செயல் எண் வேண்டும். அந்த எண்ணின் முன்னால் சில பூச்சியங்கள் விழுந்தால் கணக்கு சற்றுச் சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிந்த கையொப்பங்களைப் பொறுக்கி எடுத்து, லாட்டிஸ் என்ற கணிதத்தில் போட்டால் நிலையான சாவியே வெளியே வரும். 2019இல் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தார் இதற்கு மினர்வா என்று பெயர் வைத்தார்கள். லிப்ஜிகிரிப்ட், ஜாவாவின் சன்ஈசி, உல்ஃப் எஸ்எஸ்எல் எல்லாம் இப்படிக் கசிந்த நூலகங்களின் பட்டியலில் இருந்தன, ஒரு ஸ்மார்ட் கார்டும் இருந்தது. நூலகத்தில் அளந்த தரவில் சுமார் 1200 கையொப்பம் போதுமாக இருந்தது, அட்டையில் 2100.

உங்கள் ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு?


எடைமேடை | திங்கள், இரவு 11:31

நல்ல நாளில் நூற்றிருபது.


மின்னல்கொடி | திங்கள், இரவு 11:38

அப்படியென்றால் பத்து நாள் சீட்டு. நேரத்தைத் துல்லியமாக அளக்கும் இடத்தில் ஒருவன் உட்கார வேண்டும், இணையத்தின் இரைச்சல் அவனுக்குத் தொல்லை கொடுக்கும், அதனால் நாளைக்கே எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் அதே சர்வரிலோ பக்கத்திலோ இருப்பவனுக்கு அந்த இரைச்சல் இல்லை. மாற்றிவிடுங்கள். லிப்சோடியம் என்ற நூலகத்தின் பைத்தான் தொகுப்பில் எட்25519 என்ற கையொப்ப முறை இருக்கிறது. அந்த முறையை வடிவமைக்கும்போதே ரகசியத்தைப் பார்த்துக் கிளை பிரியாமல், ரகசியத்தை வைத்து அட்டவணையில் தேடாமல் செய்யும்படி அமைத்தார்கள். தற்செயல் எண்ணையும் சாவி, செய்தி இரண்டிலிருந்தும் கணக்கிட்டே எடுக்கும். புதுச் சாவி உருவாக்குங்கள். பழைய சாவி எந்தத் தேதி வரை செல்லும் என்பதைச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.


செம்பனைக்குலை | செவ்வாய், காலை 7:45

நேரம் மாறாமல் எழுதிவிட்டால் முழுப் பாதுகாப்புதானா அக்கா?


மின்னல்கொடி | செவ்வாய், காலை 8:20

இல்லை. 2022இல் ஹெர்ட்ஸ்பிளீட் என்ற தாக்குதல் வந்தது. நேரம் மாறாமல் எழுதிய நிரலும், கையாளும் எண்ணைப் பொறுத்து மின்சாரத்தைக் கூடக் குறைய இழுக்கும். சில்லு அதைப் பார்த்துத் தன் வேகத்தை ஏற்றி இறக்கும். வேகம் மாறினால் நேரம் மாறும். மின்சாரத்தில் கசிந்தது நேரத்துக்கே திரும்பி வந்துவிட்டது. சைக் என்ற முறையின் சாவியை வலையமைப்பு வழியாகவே எடுத்தார்கள். வேலைக்குக் கிளம்ப வேண்டும், மீதியை இரவு எழுதுகிறேன்.


லயத்துப்பிள்ளை | புதன், இரவு 9:05

நேற்று உட்கார்ந்து நான் பார்க்கும் சர்வர்களை வரிசையாகத் தேடினேன். ஒரே ஒரு இடத்தில், ஒரு கடையின் கட்டண அறிவிப்பைச் சரிபார்க்கும் பழைய பிஎச்பி பக்கத்தில், அதே சமக்குறி ஒப்பீடு இருந்தது. நானே எட்டு வருடத்துக்கு முன்பு எழுதியது. ஹேஷ் ஈக்குவல்ஸ் போட்டு மாற்றிவிட்டேன். ஒரு வரிதான். இந்த இழையின் தொடக்கத்தில் நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.


எடைமேடை | வெள்ளி, இரவு 8:50

கையொப்பம் மாறிவிட்டது. புதுச் சாவி வியாழன் காலை முதல் லோரியிலிருந்து ஓடுகிறது. சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. செயலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "பழைய சீட்டு வைத்திருக்கிறவங்களுக்குப் பணம் தடைபடாதே?" என்று மட்டும் கேட்டார். தடைபடாது. இந்த மாதம் முடியும் வரை பழைய சீட்டுகளை ஆலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டே பணம் கொடுப்பார்கள்.

பூட்டு நிரலை அக்கா சொன்னபடி எக்ஸ்ஆர் வைத்து எழுதினேன். மருமகன் இலக்கத்துக்கு ஐந்நூறு தடவை அளந்து வரைபடம் போட்டான். இடப்பக்கம் பழைய நிரல், ஆறு படியாக ஏறுகிறது. நடுவில் நான் திங்கட்கிழமை எழுதியது, தாழ்ந்த படிகள். வலப்பக்கம் இன்றையது, மேசை மாதிரி ஒரே மட்டம். எந்த இலக்கம் சரி, எது தப்பு என்று அவனுக்கும் தெரியவில்லை, எண்ணை எழுதிய எனக்கும் தெரியவில்லை. ஆர்டுயினோ கம்பைலர் ஏதாவது கிளை போட்டிருக்கிறதா என்று அசெம்பிளியையும் எடுத்து வைத்திருக்கிறேன், அக்காவுக்கு அனுப்புகிறேன்.

மூன்று வரைபடத்தையும் அச்சடித்து எடை அறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். ஞாயிறு காலை பழைய போர்டையும் புதிய போர்டையும் வைத்து வீட்டில் எல்லாருக்கும் அளந்து காட்டுகிறோம். வாத்தியார் சார், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்களே எண்ணைக் கண்டுபிடிக்கட்டும்.


கணக்குவாத்தியார் | வெள்ளி, இரவு 9:14

ஆறு பேர் வருகிறோம்.


பழைய கிராணி | சனி, காலை 6:05

பசியாறிவிட்டுப் பேரனோடு வருகிறேன். அந்த மூன்றாவது கோட்டை மட்டும் என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும்.